கடன் வாங்கிக் கடன் கட்டுவதை முதலில் நிறுத்துங்கள்: 46,000 வெள்ளி கார்டு கடனுக்கு ஒரு பதில்

கேள்வி சுருக்கமாக இது. ஜூரோங்கில் கிடங்கு மேற்பார்வையாளர், வயது 39, நிரந்தரவாசி. மனைவி சிங்கப்பூரர், பகுதிநேர வேலை செய்கிறார். இரண்டு பிள்ளைகள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு இருவர் பேரிலும் இருக்கிறது. சம்பளம் மாதம் 3,200 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். ஐந்து கிரெடிட் கார்டு, வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் ஒரு கிரெடிட் லைன் எல்லாம் சேர்த்து 46,000 வெள்ளி கடன். இரண்டு வருடமாகக் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டுகிறார். கடந்த சில மாதங்களாக ஒரு கார்டில் ரொக்கம் எடுத்து இன்னொரு கார்டுக்குக் கட்டுகிறார். ஊரில் அப்பாவுக்கு மாதம் 400 வெள்ளி அனுப்ப வேண்டும். மனைவிக்கு எதுவும் தெரியாது. “நகையை அடகு வைக்கவா, வட்டிக்கடையில் ஐயாயிரம் எடுக்கவா, இல்லை நொடித்துப்போனவன் என்று எழுதிக் கொடுத்துவிடவா?” என்று கேட்கிறார்.

தம்பி, மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால், “இதுவரை ஒரு மாதம்கூட நான் கட்டாமல் விட்டதில்லை” என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதைப் பெருமையாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். நான் பல வருடம் ஒரு வங்கியின் வசூல் பிரிவில் போன் எடுத்தவள். அந்த வரியைச் சொல்லாத தமிழரை நான் பார்த்ததில்லை. மானம் போய்விடக்கூடாது என்று எங்கிருந்தாவது புரட்டிக் குறைந்தபட்சத்தைக் கட்டிவிடுவார்கள். வங்கிக்கு அதைவிட நல்ல வாடிக்கையாளர் கிடையாது.

உங்கள் கணக்கையே போட்டுப் பாருங்கள். இங்கே கார்டு வட்டி வருடத்துக்கு 26 முதல் 28 விழுக்காடு வரை போகிறது. 27 என்று வைத்துக்கொள்வோம். 46,000 வெள்ளிக்கு ஒரு மாத வட்டி மட்டும் 1,035 வெள்ளி. குறைந்தபட்சத் தொகை பெரும்பாலும் நிலுவையில் 3 விழுக்காடு, அதாவது 1,380 வெள்ளி. அதில் அசலுக்குப் போவது 345. அடுத்த மாதம் நிலுவை கொஞ்சம் குறையும், அதனால் குறைந்தபட்சமும் குறையும், அசலுக்குப் போவதும் குறையும். ஒரு புதுச் செலவுகூட வைக்காமல் இப்படியே கட்டினால் கடன் பாதியாக, அதாவது 23,000 ஆக, 92 மாதம் ஆகும். அதற்குள் நீங்கள் கட்டியிருப்பது ஏறத்தாழ 92,000 வெள்ளி. மாதமும் வெள்ளியும் ஒரே எண்ணாக வந்தது தற்செயல்தான், ஆனால் மறக்காமல் இருக்க உதவும்.

இதுவும் ஒழுங்காகக் கட்டினால் வருகிற கணக்கு. நீங்கள் கார்டில் ரொக்கம் எடுத்தல்லவா கட்டுகிறீர்கள்? ரொக்கத்துக்கு எடுத்த உடனே 6 முதல் 8 விழுக்காடு கட்டணம் போகும். வட்டி அன்றைக்கே ஓட ஆரம்பிக்கும், பொருள் வாங்கினால் கிடைக்கிற வட்டியில்லா நாள்கள் இதற்குக் கிடையாது. மசே நிதி (மத்திய சேம நிதி) பிடித்த பிறகு உங்கள் கைக்கு 2,560 வெள்ளி வருகிறது. அதில் 1,380 போனால் மிச்சம் 1,180. நாலு பேர் சாப்பாடு, பேருந்து, மின்கட்டணம், ஊருக்கு 400. மனைவியின் பகுதிநேரச் சம்பளத்தைச் சேர்த்தாலும் மாதா மாதம் துண்டு விழத்தான் செய்யும். விழுகிற துண்டைத்தான் ரொக்கம் எடுத்து அடைக்கிறீர்கள். ஆகவே இன்றைக்கு நிறுத்த வேண்டியது அந்த ரொக்கம். அதை நிறுத்தினால் ஏதோ ஒரு கார்டுக்குக் கட்ட முடியாமல் போகும் என்று பயப்படுவீர்கள். போகலாம். அதற்குள் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது.

அது கடன் ஒருங்கிணைப்புத் திட்டம். சிங்கப்பூர் வங்கிகள் சங்கம் 2017-ல் கொண்டுவந்தது. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. அடமானம் இல்லாத கடன் மாதச் சம்பளத்தைப்போல் 12 மடங்குக்கு மேல் இருக்க வேண்டும். ஆண்டு வருமானம் 120,000 வெள்ளிக்குக் கீழே, கடன் போக நிகரச் சொத்து 2 மில்லியன் வெள்ளிக்குக் கீழே. உங்கள் 12 மடங்கு 38,400 வெள்ளி, நீங்கள் 46,000-ல் நிற்கிறீர்கள். இந்த எல்லையைத் தாண்டி மூன்று மாதம் தொடர்ந்தால் எந்த வங்கியும் புதிதாக அடமானமில்லாக் கடன் தரக்கூடாது என்பது நாணய ஆணையத்தின் விதி. “புது கார்டு கேட்டேன், தரவில்லை” என்று எழுதியிருந்தீர்களே, காரணம் அதுவாக இருக்கலாம். கதவு சாத்தப்பட்டது நல்லதுக்குத்தான்.

இந்தத் திட்டத்தில் ஒரு வங்கி உங்கள் எல்லாக் கார்டுக் கடனையும் வாங்கி அடைத்துவிட்டு, அதை ஒரே தவணைக் கடனாக மாற்றிக் கொடுக்கும். பழைய கார்டுகள் மூடப்படும். அவசரத்துக்கு ஒரு மாதச் சம்பள அளவுக்கு ஒரே ஒரு கடன் வசதி இருக்கும். அதைத் தொடாதீர்கள். வட்டி 8 விழுக்காடு, தவணை 8 வருடம் என்று வைத்துக்கொண்டால் மாதம் ஏறத்தாழ 650 வெள்ளி வரும். 1,380 எங்கே, 650 எங்கே! அதோடு எட்டு வருடத்தில் கடன் முடிந்துபோகும்.

விளம்பரத்தில் “3.9 விழுக்காடு” என்று போட்டிருப்பார்கள். அது ஃபிளாட் ரேட். அசல் குறையக் குறைய வட்டியும் குறைந்தால் அது வேறு கணக்கு. ஃபிளாட் ரேட்டில் முதல் நாள் அசலுக்கே கடைசி வரை வட்டி போடுவார்கள். உண்மை வட்டி, வங்கி மொழியில் இஐஆர், ஏறத்தாழ இரண்டு மடங்குக்கு அருகில் போகும். வங்கியில் உட்கார்ந்ததும் “இஐஆர் எவ்வளவு?” என்று அந்த மூன்று எழுத்தைச் சொல்லியே கேளுங்கள். சொல்லாமல் இருக்க முடியாது. ஒரே நாளில் ஆறு வங்கிக்கும் விண்ணப்பம் போடாதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் எல்லோருடைய கடன் பதிவையும் வைத்திருக்கும் கிரெடிட் பியூரோவில் பதிவாகும், பார்க்கிறவருக்கு நீங்கள் தவிக்கிறீர்கள் என்று தெரியும். முதலில் கிரெடிட் பியூரோ சிங்கப்பூரில் உங்கள் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். எந்தக் கடன் எவ்வளவு, எங்கே என்று உங்களுக்கே மறந்துபோன ஒன்று அதில் இருக்கும். எனக்குத் தெரிந்து பாதிப் பேருக்கு இருந்தது.

உங்கள் “ஒரு மாதம்கூட விட்டதில்லை” இங்கேதான் காசாகும். சுத்தமான பதிவு இருக்கும்போது விண்ணப்பித்தால் வங்கி சம்மதிக்க வாய்ப்பு அதிகம். மூன்று மாதம் தவறிய பிறகு போனால் முகம் திருப்புவார்கள். அதனால் இந்த மாதமே போங்கள்.

வங்கி மறுத்தால் அடுத்த படி கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர். இது அறநிறுவனம். கடன் கொடுப்பதில்லை. முதலில் ஒரு விளக்கவுரையைக் கேட்கச் சொல்வார்கள், பிறகு ஆலோசகரோடு உட்கார வைப்பார்கள். வரவு செலவை வெள்ளி வெள்ளியாகக் கேட்பார்கள், வெட்கப்படாமல் சொல்லுங்கள். உங்களால் உண்மையில் எவ்வளவு கட்ட முடியும் என்று கணக்கிட்டு, எல்லா வங்கிகளுக்கும் குறைந்த வட்டியில் நீண்ட தவணைக்கு ஒரு திட்டம் அனுப்புவார்கள். சட்டப்படி வங்கிகள் ஒத்துக்கொண்டே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் ஒன்றுமே வராமல் போவதற்குப் பதில் ஒழுங்காகக் கொஞ்சம் வருவதைத்தான் வங்கியும் விரும்பும். நான் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள். அவர்களிடமிருந்து வரும் கோப்பைப் பார்த்தால் எங்களுக்கும் நிம்மதியாக இருக்கும். யாரோ ஒருவர் கணக்குப் பார்த்திருக்கிறார், இனி தினமும் போன் போட வேண்டாம்.

வசூல் பிரிவின் போனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலர் அதற்குப் பயந்துதான் கண்டபடி கடன் வாங்குகிறார்கள். கட்டாமல் விட்டால் முதல் மாதம் ஏறத்தாழ 100 வெள்ளி தாமதக் கட்டணம் விழும், போன் வரும். 60 நாளைத் தாண்டினால் புதிதாகக் கடன் கிடைக்காது. இன்னும் சில மாதம் போனால் கோப்பு வசூல் நிறுவனத்துக்கோ வழக்கறிஞருக்கோ போகும். போனில் பேசுகிறவருக்கு முன்னால் ஒரு திரை இருக்கும். அதில் நீங்கள் சொல்வதைத் தட்டச்சு செய்ய ஒரு கட்டம், “கட்டுவதாகச் சொன்ன தேதி” என்று இன்னொரு கட்டம். நீங்கள் ஒரு தேதி சொல்லும் வரை அவர் விடமாட்டார், அந்தக் கட்டம் நிரம்ப வேண்டும். அதற்காகப் பொய்த் தேதி சொல்லாதீர்கள். “கடன் ஒருங்கிணைப்புக்கு விண்ணப்பித்திருக்கிறேன், முடிவு வரும்வரை இந்த மாதம் 200 வெள்ளிதான் முடியும், மின்னஞ்சலில் எழுதி அனுப்புகிறேன்” என்று சொல்லுங்கள். அனுப்பவும் செய்யுங்கள். எழுத்தில் இருப்பது கோப்பில் நிற்கும், போனில் அழுதது நிற்காது.

வசூல் நிறுவனத்தினர் வீட்டுக்கு வரலாம், கேட்கலாம். மிரட்டக்கூடாது, கத்தி அண்டை வீட்டாரைக் கூட்டக்கூடாது. 2022-ல் கடன் வசூலுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. அந்தத் தொழில் செய்ய உரிமம் வேண்டும். தொல்லைக்கு எதிரான 2014 சட்டமும் இருக்கிறது. நாள், நேரம், சொன்ன வார்த்தை எல்லாம் குறித்து வையுங்கள், வங்கிக்கே புகார் எழுதுங்கள். கார்டு கடன் கட்டாததற்காக உங்களைப் பிடித்துச் சிறையில் போட முடியாது. இதை எத்தனை பேருக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

இப்போது நகை. அடகுக்கடையில் வட்டி மாதத்துக்கு 1.5 விழுக்காடுக்கு மேல் வாங்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. வருடத்துக்கு 18. கார்டு 27. கணக்குப் பார்த்தால் அடகு மலிவுதான், அதனால் “அடகு வைக்கவே கூடாது” என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் எதற்கு வைக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குறைந்தபட்சத் தொகையைக் கட்டுவதற்காக வளையலைக் கொண்டுபோனால் கடைசியில் வளையலும் போகும், கடனும் அப்படியே இருக்கும். ஆறு மாதத் தவணை முடியும்போது வட்டி கட்டிப் புதுப்பிக்கக்கூடக் கையில் காசு இருக்காது. ஒரு கார்டை முழுதாக அடைத்து மூடிவிட முடியும் என்றால் மட்டும் யோசியுங்கள். அப்போதும் மீட்க வழி இல்லை என்று தெரிந்தால், அடகைவிட ஒரு பழைய நகையை விற்றுவிடுவது நேர்மையான கணக்கு. அதை உங்கள் மனைவியிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும், நகை உங்களுடையது அல்ல.

ஒருமுறை தேக்காவில், சாப்பாட்டுக் கடைகளுக்கு நடுவே ஒரு மேசையில், ஒருவர் முஸ்தஃபா பிளாஸ்டிக் பை ஒன்றைக் கவிழ்த்தார். உள்ளே கடிதங்கள், ஒன்றுகூடத் திறக்கவில்லை. தேநீர் ஆறிக்கொண்டிருக்க, ஒவ்வொன்றாகப் பிரித்துத் தேதிவாரியாக அடுக்கினோம். 31 உறை. கடைசிக்கு முந்தையது வழக்கறிஞர் கடிதம். அதில் போட்டிருந்த 21 நாள் கெடுவில் 17 நாள் ஏற்கெனவே ஓடியிருந்தது. அவர் அடகுச் சீட்டுகளை மட்டும் தனியாகப் பர்ஸில் பத்திரமாக வைத்திருந்தார். எதைப் பத்திரப்படுத்த வேண்டும் என்பதில் நம்மவர்களுக்கு ஒரு விசித்திரமான வரிசை இருக்கிறது. நீங்கள் இன்றைக்கே உறைகளைப் பிரியுங்கள்.

வட்டிக்கடை ஐயாயிரத்துக்கு என் பதில் வேண்டாம். உரிமம் பெற்ற கடையாகவே இருந்தாலும் மாதத்துக்கு 4 விழுக்காடு வரை வட்டி வாங்கலாம். 10 விழுக்காடு வரை நிர்வாகக் கட்டணம் பிடிக்கலாம். 5,000-க்குக் கையெழுத்துப் போட்டால் 4,500 கைக்கு வரும், வட்டி 5,000-க்கு. 27 விழுக்காட்டிலிருந்து தப்பிக்க 48-க்குப் போவதா? வாட்ஸ்அப்பிலோ குறுஞ்செய்தியிலோ “உடனடிக் கடன்” என்று வந்தால் அது உரிமம் பெற்ற கடையே அல்ல. அவர்களுக்கு அப்படி விளம்பரம் செய்யவே அனுமதி கிடையாது. கடைக்கு நேரில் போகாமல் கடனும் தர முடியாது. அரசின் இணைய அடையாளக் கணக்கான சிங்பாஸ் விவரத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள். ஆலோங்கிடம், அதாவது உரிமமில்லாத வட்டிக்காரரிடம், ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர் யாராவது இதைப் படித்தால், எக்ஸ் ஆலோங் உதவி எண் 1800-924-5664. “உங்கள் கடனைப் பாதியாக்கித் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்” என்கிற தரகர்களுக்கும் இதே பதில்தான். அவர்கள் செய்வதாகச் சொல்வதை அறநிறுவனம் செய்யும்.

நொடிப்பு, அதாவது திவால். இதைச் சொல்லும்போது நம்மவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள், இறந்துபோனவரைப் பற்றிப் பேசுவதுபோல. 15,000 வெள்ளிக்கு மேல் கடன் இருந்தால் வங்கியும் விண்ணப்பிக்கலாம், நீங்களும் விண்ணப்பிக்கலாம். நீங்களே போட்டால் நொடிப்பைக் கவனிக்கும் அரசு அதிகாரியான அஃபிஷியல் அசைனியிடம் 1,850 வெள்ளி வைப்புத்தொகை கட்ட வேண்டும். அதுவே பலருக்குக் கையில் இருக்காது. வங்கி போட்டால் முதலில் 21 நாள் கெடு கொடுத்து ஒரு கோரிக்கைக் கடிதம் வரும், நான் மேலே சொன்ன மாதிரி. அந்த 21 நாளில் பேசித் தீர்க்க இன்னும் வழி உண்டு.

நொடித்துப்போனால் என்ன போகும்? அனுமதி இல்லாமல் வெளிநாடு போக முடியாது, ஊருக்குப் போவதற்கும் எழுதிக் கேட்க வேண்டும். நிறுவன இயக்குநராக இருக்க முடியாது. மாதம் ஒரு பங்கு கட்ட வேண்டும். என்ன போகாது? மசே நிதியைக் கடன்காரர் தொட முடியாது. வீவக வீடு, உரிமையாளர்களில் ஒருவராவது குடிமகனாக இருந்தால், அதையும் தொட முடியாது. உங்கள் மனைவி குடிமகள், அவர் பேரும் இருக்கிறது, எனவே பிள்ளைகள் தெருவில் நிற்பார்கள் என்ற பயத்தை விடுங்கள். இரவு இரண்டு மணிக்கு நீங்கள் எழுதிய அந்தப் பத்தியைப் படித்த பிறகு இதைச் சொல்லாமல் விடக்கூடாது என்று தோன்றியது.

ஆனால் உங்களுக்கு நொடிப்பு வரை போக வேண்டியிருக்காது. வங்கி நொடிப்புக்கு விண்ணப்பித்தாலும், கடன் 150,000 வெள்ளியைத் தாண்டாமல், நிலையான வேலை இருந்தால், நீதிமன்றம் கடன் திருப்பிச் செலுத்தும் திட்டத்துக்கு உங்களை அனுப்பிப் பார்க்கும். அதில் சேர்ந்தால் ஐந்து வருடத்துக்குள் முடிந்த அளவு கட்டி வெளியே வரலாம், நொடித்தவர் என்ற பெயர் விழாது. நீங்களாக நேராக அதற்கு விண்ணப்பிக்க முடியாது. நொடிப்பு மனு வழியாகத்தான் போகும். வேலை அதற்கு அடிப்படை என்பதால், கடன் தொல்லையில் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

சிறிய விஷயம் ஒன்று. கோப்பு வசூல் நிறுவனத்துக்குப் போன பிறகு, “மொத்தமாக இவ்வளவு கட்டினால் கணக்கை முடித்துக்கொள்கிறோம்” என்று பேரம் வரலாம். முழுத் தீர்வு என்று வங்கி எழுத்தில் கொடுத்த பிறகுதான் பணம் கட்டுங்கள். கட்டிவிட்டுக் கடிதம் கேட்டு அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஊருக்கு அனுப்பும் 400. இதில் நான் யார் சொல்வதற்கு என்று தோன்றுகிறது, ஆனாலும் சொல்கிறேன். இப்போது நீங்கள் அனுப்புவது சம்பளப் பணம் அல்ல, 27 விழுக்காடு வட்டிக்கு வாங்கிய பணம். அப்பாவுக்கு அது தெரிந்தால் வாங்குவாரா? மருந்துச் செலவு எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று கேளுங்கள். மருந்துக்கு உள்ளதை அனுப்புங்கள். தவணைத் திட்டம் ஓடத் தொடங்கி ஒரு வருடம் கழித்துப் பழைய தொகைக்குப் போகலாம். வீட்டுச் செலவே தள்ளாடினால் இந்தியர்களுக்கான சுய உதவிக் குழுவான சிண்டாவில் குடும்பச் சேவைப் பிரிவு இருக்கிறது, அக்கம்பக்கத்துச் சமூகச் சேவை அலுவலகத்திலும் கேட்கலாம். கார்டு கடனை அவர்கள் கட்டமாட்டார்கள். பிள்ளைகளின் பள்ளிச் செலவு போன்றவற்றில் தோள் கொடுப்பார்கள்.

கடைசியாக, உங்கள் மனைவி. நீங்கள் வைத்த கடனுக்கு அவர் உத்தரவாதக் கையெழுத்துப் போடாத வரை அவரிடம் யாரும் கேட்க முடியாது, துணைக் கார்டில் அவரே வாங்கியதற்கு மட்டும் வங்கி கேட்கலாம். ஆனால் இரண்டாவது கார்டில் அவருக்கு ஒரு துணைக் கார்டு எடுத்துக் கொடுத்திருப்பதாகவும், அதில் அவர் ஃபேர்பிரைஸில் சாமான் வாங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவர் வாங்குகிற அரிசிக்கும் 27 விழுக்காடு ஓடிக்கொண்டிருக்கிறது. கடன் ஒருங்கிணைப்பில் அந்தக் கணக்கு மூடப்படும், ஒரு நாள் காசாளர் முன்னால் அவர் கார்டு வேலை செய்யாமல் நிற்கும். அதற்கு முன்னால் அந்தக் கார்டை நீங்களே கேட்டு வாங்க வேண்டும். ஏன் என்று அவர் கேட்பார்.